ஆய்வு முதுகலையில் சேரும் முன் விதிப்புத்தகத்தைப் படிப்பது எப்படி?

போன மாதம் பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஒரு விண்ணப்பப் படிவம். மன்னவனூர்ப் பிள்ளை, எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள். “எம்.பில். சேரலாம்னு இருக்கேன்க்கா. கீழ ஒரு காலேஜ்ல சேத்துக்கிறாங்களாம்” என்றாள். எம்.பில். என்பது முதுகலைக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பட்டம். எந்த விதிப்படி சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். அவளிடம் இருந்தது ஒரு வண்ண நோட்டீஸும் ஒரு கைப்பேசி எண்ணும்தான். மூஞ்சிக்கல்லில் இறங்கும்வரை அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மலையிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு இது கூடுதலாகவே வேண்டும். பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு சந்தேகம் கேட்டுவர நமக்கு ஒரு நாள் முழுதும் போய்விடும். அங்கே தெரிந்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள். நமக்காகப் பேச அங்கே இருப்பது அந்த விதிப்புத்தகம் ஒன்றுதான்.

படி 1: பட்டத்தின் பெயரை முதலில் சரிபாருங்கள்

அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984இல் வந்தது. அங்கே படித்த அக்காமார்கள் பெயருக்குப் பின்னால் எம்.பில். என்று போட்டுக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் ஆராய்ச்சி என்றாலே எம்.பில். என்றுதான் இன்னும் நம் வீடுகளில் பேசுகிறோம்.

அந்தப் படிப்பு இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7ஆம் தேதி வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளிலேயே, உயர்கல்வி நிறுவனங்கள் இனி எம்.பில். நடத்தக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதற்கு முன் வாங்கிய பட்டம் செல்லும், அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களும் முடிக்கலாம். அதன் பிறகும் சில இடங்களில் சேர்க்கை நடந்ததால், 2023 டிசம்பரில் “சேராதீர்கள்” என்று மாணவர்களுக்கே நேரடியாக அறிவிப்புக் கொடுத்தார்கள். மருத்துவ உளவியல் போன்ற ஓரிரு பாடங்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் தனி அனுமதி இருந்தது. மற்றபடி யார் எம்.பில். என்று கூப்பிட்டாலும் பணத்தைக் கட்டாதீர்கள்.

அப்படியானால் முதுகலை அளவில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? பொறியியல் படித்தவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் ‘எம்.எஸ். ஆராய்ச்சி வழி’ என்று தனிப் பட்டமே இருக்கிறது. வேளாண்மை, தோட்டக்கலை முதுகலையில் ஆய்வேடு கட்டாயம். மொத்தம் 70 கிரெடிட்டில் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி) 30 ஆய்வேட்டுக்கே போகிறது. மருந்தியல் முதுகலையான எம்.பார்ம். படிப்பில் இரண்டாம் ஆண்டின் பெரும்பகுதி ஆய்வுதான். கலை, அறிவியல் பாடங்களுக்கு மானியக் குழு 2024 ஜூனில் ஒரு கட்டமைப்பு வெளியிட்டது. மூன்றாண்டு இளங்கலை முடித்தவர்கள் இரண்டாண்டு முதுகலையின் இரண்டாம் ஆண்டை முழுக்க ஆய்வாகவே செய்ய அதில் வழி இருக்கிறது. நான்காண்டு ஹானர்ஸ் முடித்தவர்களுக்கு ஓராண்டு முதுகலை போதும். இதை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்று நடத்துகிறதா என்பதைத் துறைத்தலைவரிடம் கேளுங்கள்.

படி 2: ப்ராஸ்பெக்டஸை மூடிவைத்துவிட்டு ரெகுலேஷன்ஸைத் தேடுங்கள்

ப்ராஸ்பெக்டஸ் உங்களை அழைக்கிற தாள். உங்களைக் கட்டுப்படுத்துகிற தாளின் பெயர் ரெகுலேஷன்ஸ். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ‘அகாடமிக்ஸ்’ அல்லது ‘ரிசர்ச்’ பகுதியில் பி.டி.எஃப். ஆக இருக்கும். இல்லையென்றால் டீன் அலுவலகத்திலோ பதிவாளர் அலுவலகத்திலோ கேட்டு வாங்குங்கள்.

அதன் முகப்பில் ஓர் ஆண்டு போட்டிருக்கும். அதைப் பாருங்கள். பொதுவாக நீங்கள் சேர்ந்த ஆண்டில் நடைமுறையில் இருந்த விதிதான் கடைசிவரை உங்களுக்குப் பொருந்தும். இரண்டு ஆண்டு கழித்து இணையதளத்தில் புதிய விதியை ஏற்றிவிட்டுப் பழையதை எடுத்துவிடுவார்கள். ஆகவே சேரும் நாளிலேயே இறக்கி, ஒரு பிரதியை அச்செடுத்து ஃபைலில் போடுங்கள். மன்னவனூரில் நெட்வொர்க் கிடைக்கிற நேரத்தை நம்பி இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 3: பின்னாலிருந்து படியுங்கள்

முதல் பக்கங்களில் தகுதி, நுழைவுத்தேர்வு, கட்டணம் இருக்கும். அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பதிவு எப்போது ரத்தாகும், எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், இடையில் நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் கிடக்கும். அதை முதலில் படியுங்கள்.

நம்மில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். விதியோ சட்ட ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம், ஆறு சொற்கள் பிடிபட்டால் பாதி விதி புரிந்துவிடும்.

‘ஷல்’ என்று வந்தால் கட்டாயம், பேச்சுக்கே இடமில்லை. ‘மே’ என்று வந்தால் அவர்கள் விரும்பினால் செய்யலாம் என்று பொருள். அது உங்கள் உரிமை அல்ல, நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய அனுமதி. ‘சப்ஜெக்ட் டு’ என்று வந்தால், பின்னால் சொல்லப்படும் நிபந்தனை நிறைவேறினால்தான் முன்னால் சொன்னது நடக்கும். ‘புரொவைடட் தட்’ என்று ஒரு வரி தொடங்கினால் அங்கே ஒரு விலக்கோ கூடுதல் நிபந்தனையோ இருக்கிறது, பேனாவால் கோடு போடுங்கள். ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்றால் மேலே என்ன சொல்லியிருந்தாலும் இதுதான் செல்லும். கடைசியாக ‘டீம்ட்’. “விலகியதாகக் கருதப்படும்” என்ற இடத்தில் இதுதான் வரும். யாரும் கடிதம் போட மாட்டார்கள், கெடு முடிந்ததும் தானாகவே நடந்துவிடும்.

இந்த ‘மே’யும் ‘டீம்ட்’டும் எனக்கு ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டன. எம்.பில். படித்த நாளில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. “மூணு மாசம் ஊருக்குப் போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றார் கைடு, அதாவது என் ஆய்வை வழிநடத்திய ஆசிரியர். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். திரும்பி வந்தபோது என் பதிவு காலாவதியாகிவிட்டது என்றார்கள். முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டால் இடைநிறுத்தம் ‘அனுமதிக்கப்படலாம்’ என்று விதி இருந்தது. நான் கேட்கவில்லை. மறுபடி விண்ணப்பித்து, மறுபடி கட்டணம் கட்டி, அடுத்த தொகுதிப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். கட்டணத்துக்காக அப்பா அந்த வருடம் விதைப்பூண்டையும் சேர்த்து விற்றார். அந்தப் பக்கத்தை நான் சேர்ந்த அன்றே படித்திருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் முடிந்திருக்கும் காரியம்.

படி 4: நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள்

விதியில் இரண்டு காலம் இருக்கும்: குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு. பல்கலைக்குப் பல்கலை இது மாறும். முக்கியமான கேள்வி, எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பது. சேர்க்கை நாளா, பதிவு உறுதியான நாளா? இரண்டுக்கும் நடுவில் பல மாதம் இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் 2025 ஆகஸ்ட் 1 சேர்ந்தீர்கள், உங்கள் விதியில் உச்சவரம்பு 3 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். 2028 ஜூலை 31 கடைசி நாள். ஆய்வேட்டுக்கு மூன்று மாதம் முன்னால் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்க வேண்டும் என்றிருந்தால் ஏப்ரல் முடிவு. கைடு படித்துத் திருத்த இரண்டு மாதம் விடுங்கள், பிப்ரவரி முடிவுக்குள் வரைவு கையில் இருக்க வேண்டும். எழுத நான்கு மாதம் என்றால் களப்பணி 2027 அக்டோபரில் முடிந்தாக வேண்டும். இங்கேதான் மலை குறுக்கே வருகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்கு மழை. சாலையில் மரம் விழும், மண் சரியும். அதனால் நமக்கு உண்மையான கடைசி மாதம் செப்டம்பர். மூன்று ஆண்டு என்று தொடங்கியது இரண்டு ஆண்டுச் சொச்சமாகிவிட்டது பாருங்கள்.

தலைப்பையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே யோசியுங்கள். குறிஞ்சி பூப்பதைப் பற்றி ஆராய ஒரு தங்கை ஆசைப்பட்டாள். எனக்கும் ஆசைதான். ஆனால் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030இல்தான். நடுவில் சேருகிறவர் பூவை நம்பித் தலைப்பு வைக்க முடியாது. குறிஞ்சிப் புதர் இருக்கும் புல்வெளியின் மண்ணையோ அங்கே நுழையும் அந்நிய மரங்களையோ எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: கைடைப் பற்றி மூன்று கேள்விகள்

அவரிடம் காலியிடம் இருக்கிறதா? ஒருவர் எத்தனை ஆய்வாளரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முனைவர் பட்டத்துக்கு மானியக் குழுவின் 2022 விதிப்படி பேராசிரியர் 8, இணைப்பேராசிரியர் 6, உதவிப்பேராசிரியர் 4. முதுகலை ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் தனி எண் வைத்திருக்கலாம், கேளுங்கள்.

அவர் எப்போது ஓய்வு பெறுகிறார்? பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிய முனைவர் பட்ட ஆய்வாளரை எடுக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. முதுகலைக்கு இந்தத் தடை இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் பாதியில் கைடு மாறுவது உங்களுக்குத்தான் கஷ்டம். கேட்கக் கூச்சமாக இருந்தால் துறை அலுவலகத்தில் கேளுங்கள், அங்கே சொல்வார்கள்.

மூன்றாவது கேள்வி நம் மலைக்கே உரியது. வெளியிலிருந்து இணைக் கைடு வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறதா? மன்னவனூரில் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன, சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுக்கு மேலாக நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. அங்கே இருக்கும் விஞ்ஞானி ஒருவரைப் பல்கலைக்கழகம் அங்கீகரித்தால், ஆய்வுக்காக ஊரைவிட்டுப் போகவேண்டிய நாட்கள் குறையும்.

படி 6: காட்டுக்கும் மக்களுக்கும் அனுமதி

இதை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை. கொடைக்கானல் காடுகளின் பெரும்பகுதி 2013இலிருந்து வனவிலங்குச் சரணாலயம். அதற்குள் ஆராய்ச்சிக்காகப் போக 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். நீலகிரியில் இருக்கும் முதுமலைக்கும் இதே சட்டம்தான். ரேஞ்சரைத் தெரியும் என்பது அனுமதி ஆகாது. தேர்வாளர் கேட்டால் காட்டக் கடிதம் வேண்டும். தலைப்பு உறுதியான வாரமே விண்ணப்பியுங்கள். உங்கள் நாள்காட்டியில் இதற்கென்று சில மாதம் ஒதுக்குங்கள்.

பளியர், தோடர், கோத்தர் என்று மக்களைப் பற்றிய ஆய்வானால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் வாங்குங்கள். ஒப்புதல் படிவத்தை அவர்களுக்குப் புரிகிற பேச்சில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மருந்துச் செடியைப் பற்றி ஒரு பாட்டி சொன்னதை நாம் எழுதிப் பட்டம் வாங்குகிறோம். பெயர் போடலாமா, வேண்டாமா என்று அவரிடம் கேட்பது அவருக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

படி 7: கோர்ஸ்வொர்க்

ஆய்வோடு சேர்த்துப் படித்துத் தேர்வெழுத வேண்டிய பாடங்கள்தான் கோர்ஸ்வொர்க். அதற்கு எத்தனை கிரெடிட், தேர்ச்சிக்கு எத்தனை சதவீதம், வருகைப்பதிவு எவ்வளவு, அரியர் வைத்தால் ஆய்வேடு கொடுக்க விடுவார்களா. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போதும்.

படி 8: விடுப்பு, நீட்டிப்பு: எல்லாம் தாளில்

கல்யாணம், பிரசவம், வீட்டில் நோய் என்று படிப்பை விட்டுப் போனவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அதில் பாதிப் பேர் விதிப்படியே திரும்பி வந்திருக்கலாம். பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள்வரை விடுப்பு என்று முனைவர் பட்ட விதியில் இருக்கிறது. இளங்கலை, முதுகலை மாணவிகளுக்கும் மகப்பேறு விடுப்புக்கு விதி வகுக்கும்படி மானியக் குழு 2021 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. உங்கள் பல்கலைக்கழகம் என்ன வகுத்திருக்கிறது என்று கேளுங்கள்.

விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுங்கள். கைடு, துறைத்தலைவர் இருவரும் பரிந்துரை எழுதட்டும். தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதி முத்திரை வாங்குங்கள். பதில் உத்தரவு கைக்கு வரும்வரை அனுமதி கிடைத்ததாக நினைக்காதீர்கள். இடைநிறுத்தக் காலம் உச்சவரம்பில் சேருமா, கழியுமா என்பதையும் உத்தரவில் பாருங்கள்.

படி 9: ஒப்புமைச் சோதனை

உங்கள் எழுத்து ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளால் பார்ப்பது இது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40வரை என்றால் திருத்தி, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60வரை என்றால் ஓராண்டுக்குத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் காட்டி எடுத்தவை, நூற்பட்டியல், முகவுரை (ப்ரிஃபேஸ்), நன்றியுரை கணக்கில் வராது. தொடர்ந்து 14 சொற்கள்வரை தற்செயலாக ஒத்துப்போனாலும் விட்டுவிடுவார்கள். தமிழில் எழுதுகிற ஆய்வேட்டை மென்பொருள் பிடிக்கிறதோ இல்லையோ, தேர்வாளர் பிடித்துவிடுவார். குறிப்பெடுக்கும்போதே நூலும் பக்க எண்ணும் எழுதிவிடுங்கள்.

படி 10: ஒப்படைப்பும் வைவாவும் (வாய்மொழித் தேர்வு)

எத்தனை பிரதி, எந்த நிறத்தில் அட்டை, எழுத்தளவு என்ன என்பதுகூட விதியில் இருக்கும். அச்சகத்துக்காரர் சொல்வதைக் கேட்காமல் அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேர்வாளர் நேராக ஏற்கலாம், சிறு திருத்தம் கேட்கலாம், திரும்ப எழுதச் சொல்லலாம், நிராகரிக்கவும் செய்யலாம். திரும்ப எழுதச் சொன்னால் எத்தனை மாதம், எத்தனை முறை என்பதை முன்னாலேயே பார்த்து வைத்திருங்கள். வைவா முடிந்த மகிழ்ச்சியில் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். திருத்திய பிரதியைக் கொடுத்து, திருத்தம் முடிந்ததென்று கைடின் சான்று சேர்த்து, நூலகத்திலும் விடுதியிலும் நோ டியூ (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கி, புரவிஷனல் (தற்காலிக) சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீதோடு பேருந்து ஏறுங்கள். இதற்கென்று இன்னொரு முறை மலையிறங்கி வருவது வீண் செலவு.

மன்னவனூர்ப் பிள்ளை அந்தப் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். போன வாரம் கூப்பிட்டாள், வேறொரு பல்கலையின் ரெகுலேஷன்ஸை இறக்கிவிட்டாளாம். “அக்கா, பதினாறாம் பக்கத்துல ‘புரொவைடட் தட்’னு வருது, அதுக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க” என்றாள்.