ஆய்விலிருந்து விடுதிக்கு: புடையன் கடியை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

'ஆதார அடிப்படையிலான பராமரிப்பு' (ஆய்வுகள் காட்டியதை வைத்து நோயாளியைப் பராமரிப்பது) என்றதும் பலருக்குக் கொழும்புக் கருத்தரங்கும் பவர்பொயின்ற் படமும்தான் நினைவுக்கு வரும். மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இரவுக் கடமையில் நிற்கிற தாதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் நிறைய உண்டு. ஒரு போன், கொஞ்சம் டேட்டா, ஒரு கொப்பி இருந்தால் தொடங்கலாம். வன்னியில் வயல் வேலை தொடங்கினால் வைத்தியசாலை விடுதிக்கு (வார்ட்டுக்கு) வந்துசேருகிற புடையன் (கண்ணாடி விரியன்) கடியையே எடுத்து, ஒரே கேள்வியை ஐந்து படியாகக் கொண்டுபோவோம்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"பாம்புக்கடிக்கு எது நல்லது?" என்று தேடினால் ஆயிரம் கட்டுரை வரும், ஒன்றும் உதவாது. உங்கள் விடுதியில் உண்மையில் தடுமாறும் இடம் எது?

புடையன் விஷம் இரத்தம் உறையத் தேவையான காரணிகளைத் தின்று தீர்த்துவிடும். இதைச் சரியாகக் காட்டுவது, இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று அளக்கும் ஆய்வுகூடச் சோதனையான ஐ.என்.ஆர். சிறிய வைத்தியசாலையில் நடுச்சாமத்தில் அதற்கு எங்கே போவது? அதனால் கண்ணாடி ரியூப்பில் இரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்க்கிறோம். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து. உறைந்திருந்தால்? அங்கேதான் சந்தேகம்.

அதை நாலு துண்டாக எழுதுங்கள். யாருக்கு: புடையன் கடித்தவருக்கு. எந்தச் சோதனை: 20 நிமிட உறைதல் சோதனை. எதனோடு ஒப்பிட்டு: ஐ.என்.ஆர். எதை அறிய: உறைதல் கோளாறு பிடிபடாமல் போகிறதா? பாடப்புத்தகங்கள் 'பீக்கோ' என்று சொல்வது இதைத்தான்.

படி 2: தேடுங்கள்

முதலில் வழிகாட்டிகள். பாம்புக்கடிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய வழிகாட்டி (2016) இருக்கிறது. பிறகு பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம். பாம்பின் பெயர், சோதனையின் பெயர், சிறிலங்கா என்று ஆங்கிலத்தில் தட்டி, இலவச முழுக் கட்டுரைகளை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். காசு கேட்கும் தளங்களை விட்டுவிட்டாலும் படிக்க நிறைய மிஞ்சும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் கொக்ரேன் நூலகத்தின் சுருக்கங்கள் சில தமிழிலும் உண்டு.

எந்த வகை ஆய்வு என்பதும் முக்கியம். மருந்து வேலை செய்கிறதா என்றால், சீட்டுக் குலுக்கியதுபோல ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வு வேண்டும். இலங்கையில் 2011இல் வெளியானது நல்ல உதாரணம். 1,007 பேரில் பார்த்தார்கள். விஷமுறிவு மருந்துக்கு முன் குறைந்த அளவு அட்ரீனலின் போட்டால் கடுமையான ஒவ்வாமை குறைந்தது. ஒவ்வாமைக்குப் போடும் மற்ற மருந்துகளான ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசீனும் அந்த வேலையைச் செய்யவில்லை. நமது கேள்வி சோதனை பற்றியது. அதற்கு, ஒரே நோயாளியில் இரண்டு சோதனையையும் செய்து ஒப்பிட்ட ஆய்வு வேண்டும்.

படி 3: எடைபோடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நமது கேள்விக்கு இலங்கையிலேயே செய்த இரண்டு ஆய்வு கிடைக்கும். 2013இல் வந்தது, வழக்கமான வைத்தியசாலை நடைமுறையில் செய்த சோதனையைப் பார்த்தது. கோளாறு இருந்தவர்களில் 40 வீதத்தை மட்டுமே அது பிடித்தது. அப்படி நூறு பேரில் அறுபது பேர் 'உறைந்துவிட்டது, பயமில்லை' என்ற பெயரில் பிடிபடாமல் போய்விட்டார்கள். அவர்களுக்கு மருந்து பிந்தியே கிடைத்தது. 2017இல் வந்த ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் ஒரே வகைக் கண்ணாடி ரியூப்பில், ஒரே முறையில் செய்தார்கள். பிடிபட்டது 82 வீதம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாம்பும் அதே, சோதனையும் அதே. முறை ஒழுங்காக இருந்ததுதான் பெரிய வித்தியாசம். 40 என்ற எண்ணை மட்டும் படித்துவிட்டு "இந்த ரெஸ்ற் சரியில்லை" என்று தூக்கி எறிகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கோளாறு இல்லாதவரை 'உண்டு' என்று இரண்டு ஆய்விலும் சோதனை பிழையாகச் சொன்னது மிக அரிது. ஆகவே இரத்தம் உறையவில்லை என்றால் நம்பலாம். உறைந்திருந்தால் நிம்மதியாக இருக்க முடியாது. ஒழுங்காகச் செய்தாலும் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் பிடிபடாமல் போகக்கூடும். ஆளைக் கண்காணிப்பில் வைத்துத் திரும்பவும் செய்ய வேண்டும்.

படி 4: விடுதிக்குக் கொண்டுவாருங்கள்

தனியே முடிவெடுத்து மாற்றாதீர்கள். கட்டுரையை அச்செடுத்து விடுதிச் சிஸ்ரரிடமும் வைத்திய நிபுணரிடமும் காட்டுங்கள். மாற்றம் சின்னதாக இருந்தால் சம்மதம் கிடைப்பது சுகம். இதற்கு வேண்டியவை: புதிய, காய்ந்த, ஒரே அளவுக் கண்ணாடி ரியூப்கள் ஒரு பெட்டியில், இரத்தம் எப்போதும் ஒரே அளவு, சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் ஒரு ரைமர், பி.எச்.ரி.யில் (நோயாளியின் குறிப்பேட்டில்) தொடங்கிய நேரமும் பார்த்த நேரமும். பிளாஸ்ரிக் ரியூப் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவிய கண்ணாடியும் கூடாது, ஏனென்றால் உறைதலைத் தூண்டுவதே சுத்தமான கண்ணாடிப் பரப்புத்தான்.

1996இல் மருத்துவர் டேவிட் சாக்கெற்றும் நண்பர்களும் இந்த ஆதார முறைக்கு விளக்கம் எழுதியபோது ஆய்வு ஆதாரத்தோடு வைத்தியரின் அனுபவத்தையும் நோயாளியின் விருப்பத்தையும் சேர்த்தார்கள். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஐயா, "இரத்தம் உறைஞ்சிட்டுதாம், மாடு தனிய நிக்குது, நான் போறன்" என்பார். வரும் வழியில் விஷகடி வைத்தியரிடம் பச்சிலை கட்டியும் வந்திருப்பார். ஏசினால் அடுத்தமுறை பிந்தி வருவார். "ஐயா, முதல் ரெஸ்ற் சிலபேருக்குப் பிழையாக் காட்டும், இன்னொருக்கா பாத்திட்டு அனுப்பிறம்" என்று சொல்லி, மாட்டைப் பார்க்க மகனுக்குப் போன் எடுத்துக் கொடுங்கள்.

படி 5: மாறியதா என்று பாருங்கள்

மாற்றத்துக்கு முன்பு வந்த பாம்புக்கடிப் பி.எச்.ரி.களில் ஒரு இருபதை எடுங்கள். இரண்டு நேரமும் எழுதியிருக்கிறதா, உறைந்தவர்களுக்குத் திரும்பச் செய்தார்களா, விஷமுறிவு மருந்து எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மூன்று நிரல் போதும். அடுத்த போகம் முடிய அதே நிரல்களை மீண்டும் நிரப்புங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் ஆளைத் தேடாமல் ரியூப் பெட்டியைத் தேடுங்கள். பெரும்பாலும் அது காலியாக இருக்கும்.

பெயரும் கட்டில் இலக்கமும் அந்தத் தாளில் வேண்டாம். விடுதிக்குள் தரத்தைப் பார்க்க நிபுணரின் சம்மதம் போதும் என்றாலும், சஞ்சிகையில் போடும் எண்ணம் இருந்தால் முதல் பி.எச்.ரி.யைத் திறக்கும் முன்பே ஒழுக்கநெறிக் குழுவுக்கு அனுமதி கேட்டு எழுதுங்கள். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் தரமாட்டார்கள்.