10⁹ என்பது 109 ஆகிவிடக் கூடாது: டெஸ்க்டாப் செயலிகளில் மேலெழுத்துத் தவறுகள்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வெள்ளணுக்களின் எண்ணிக்கையை லிட்டருக்கு 6.2 × 10⁹ என்று போடுவது உண்டு. அந்த 9 கீழே இறங்கினால் நூறு கோடி வெறும் 109 ஆகிவிடும். மேலெழுத்தை (சூப்பர்ஸ்கிரிப்ட்) எழுத்தின் அலங்காரமாக நினைப்பதுதான் முதல் தவறு. எச்டிஎம்எல் டேக் (எழுத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறியீடு) போட்டு உயர்த்திய 9 திரையில் ஒழுங்காகத் தெரியும். அதையே நோட்பேடில் ஒட்டினாலோ சிஎஸ்வி (வெறும் எழுத்தாலான அட்டவணை) கோப்பாக எடுத்தாலோ டேக் உதிர்ந்து 109 மட்டும் மிஞ்சும். எனவே மதிப்பை எண்ணாகவே சேமித்து, திரைக்கு ஒரு வடிவம், ஏற்றுமதிக்கு ஒரு வடிவம் என்று தனித்தனியாக உருவாக்குங்கள்.

லேபிளில் வேலை செய்த டேக் எல்லா இடத்திலும் வேலை செய்யும் என்று நம்புவது அடுத்தது. செயலிகளின் திரையை உருவாக்கும் கருவித்தொகுப்புகளில் ஒன்றான க்யூட்டியில், க்யூலேபிள் என்ற லேபிள் டேக்கைப் புரிந்துகொள்ளும். பட்டன், செக்பாக்ஸ், குரூப்பாக்ஸ் தலைப்பு புரிந்துகொள்ளாது, டேக்கை அப்படியே எழுத்தாகக் காட்டிவிடும். இன்னொரு தொகுப்பான ஜாவா ஸ்விங்கில் லேபிளும் பட்டனும் ஏற்கும், சன்னல் தலைப்பு ஏற்காது. விண்டோஸுக்கான வின்ஃபார்ம்ஸின் ரிச்டெக்ஸ்ட்பாக்ஸ் எழுத்தை மேலே தூக்க மட்டும் செய்யும். அளவை நீங்கள்தான் குறைக்க வேண்டும்.

டேக் செல்லாத இடத்தில் யூனிகோடு எழுத்துகள் கைகொடுக்கும். அங்கேயும் ஒரு சிக்கல். ¹ ² ³ மூன்றும் பழைய லத்தீன்-1 தொகுப்பிலேயே இருந்ததால் பெரும்பாலான எழுத்துருக்களில் உண்டு. ⁴ முதல் ⁹ வரை வேறு தொகுதி, பல எழுத்துருக்களில் கிடையாது. அப்போது 10²⁴ என்பதில் ² ஒரு எழுத்துருவிலிருந்தும் ⁴ இன்னொன்றிலிருந்தும் வந்து, ஒன்று தடிமனாக, ஒன்று மெலிந்து நிற்கும். மீ², மீ³ வரை கவலையில்லை. அதற்கு மேல் போனால் எழுத்துருவைச் சோதித்துவிடுங்கள். டிகிரிக்கு ° இருக்க, பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று ⁰ போடுவதையும் விட்டுவிடலாம்.

நம்மவர்களுக்கே உரிய தவறு ஒன்று. சமஸ்கிருத சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் தரும்போது கோ₃விந்த₃ என்று வர்க்க எண்ணை (க, ச, ட, த, ப வரிசைகளில் எத்தனையாவது ஒலி என்பதை) கீழெழுத்தாகப் போடுவார்கள். எண் ககரத்துக்குத்தானே என்று க-வுக்கு அடுத்து டேக்கைத் திறந்து, மூடிய பிறகு ஓகாரக் குறியை வைத்தால், அந்தக் குறி தனித் துண்டாகிவிடும். ஒட்ட மெய் இல்லாததால் புள்ளி வட்டத்தோடு அந்தரத்தில் நிற்கும். 'கோ' முழுதாக முடிந்த பிறகே எண்ணைச் சேருங்கள்.

பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே டேக்குக்குள் செருகுவதும் வம்புதான். ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் 'ராம் & கோ' என்ற பெயரை எஸ்கேப் செய்யாமல் (& போன்ற சிறப்புக் குறிகளை மாற்றி எழுதாமல்) மார்க்அப்பாகக் கொடுத்துப் பாருங்கள்: டெர்மினலில் ஒரு எச்சரிக்கை வரும், லேபிளில் பெயர் வராது.

அப்புறம் தேடல். 'மீ2' என்று தேடுபவருக்கு 'மீ²' கிடைக்க, யூனிகோடின் என்எஃப்கேசி முறையில் எழுத்துகளைச் சமன்செய்வது வழக்கம். அதைத் தேடல் அட்டவணைக்கு மட்டும் செய்யுங்கள். மூலத் தரவிலேயே செய்தால் 10⁹ நிரந்தரமாக 109 ஆகிவிடும். டேக் உதிர்ந்ததைவிட இது மோசம், திரும்பப் பெற வழியில்லை.

வரிசை உயரத்தை எண்ணாக நிர்ணயித்த அட்டவணைகளில் மேலெழுத்தின் தலை வெட்டுப்படும். விண்டோஸில் திரையின் பெரிதாக்கலை 125, 150 சதவீதமாக வைத்து ஒருமுறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.