ஸ்பானிஷ் பேசுறவங்க இங்கிலீஷ்ல வழுக்கி விழுற இடங்கள்

ரிலேட்டிவ் கிளாஸ்ல (relative clause, அதாவது 'இங்க இருக்கிற ஆளு'ங்கிற மாதிரி ஒரு பெயரை விவரிக்கிற துணை வாக்கியத்துல) இவங்க பண்ற தப்பைத் தோண்டிப் பார்த்தா அடியில அநேகமா 'கே'ங்கிற (que) ஸ்பானிஷ் இணைப்புச் சொல்தான் இருக்கும். ஸ்பானிஷ்ல ஆளுக்கும் கே, பொருளுக்கும் கே, நடுவுல கமா போட்டாலும் கே. அந்தப் பழக்கத்துல 'தி மேன் விச் லிவ்ஸ் ஹியர்'னு கூசாம எழுதிடுவாங்க. ஆளுன்னா ஹூ, பொருள்னா விச், தேட் ரெண்டுக்கும் ஓகே, ஆனா கமா போட்டு கூடுதல் தகவல் சொல்றப்ப தேட் வேணாம், 'மை மதர், ஹூ லிவ்ஸ் இன் லிமா'தான் சரி.

அடுத்தது 'ஆல் வாட் ஐ நீட்'. இது அவங்க 'தோதோ லோ கே'வோட நேர் காப்பி. 'எவ்ரிதிங் ஐ நீட்'னு சொன்னா போதும், அங்க தேட் கூட தேவையில்ல. இந்த மாதிரி இடத்துல கே இல்லாம ஸ்பானிஷ் வாக்கியம் நிக்காதுங்கிறதால தேட்டை விட்டுட்டு எழுதறதுக்கு இவங்களுக்குக் கை வராது.

என்னைக் கேட்டா ரொம்ப கஷ்டமானது ப்ரிபொசிஷன்தான் (டூ, வித் மாதிரி சின்னச் சொல்). ஸ்பானிஷ்ல அது 'கோன் லா கே'னு ('கோன்'னா வித்) கேக்கு முன்னாடியே வந்துடும், கடைசியில தொங்கவே தொங்காது, அதனால இங்கிலீஷ்ல கடைசிக்கு வரும்போது மறந்துபோய் 'தி கேர்ள் தேட் ஐ டாக்ட்'னு நிறுத்திடுவாங்க, டூ எங்கன்னு கேட்டா முழிப்பாங்க. (நம்ம 'நான் பேசின பொண்ணு'லயும் 'கூட' காணாமதான் போகுது, அதனால சிரிக்க வேணாம்.) ஹூஸ் (whose, 'யாரோட') வர வேண்டிய இடத்துல 'தி பாய் தேட் ஹிஸ் ஃபாதர்'னு சுத்தி வளைக்கறதும் உண்டு, ஏன்னா அதுக்கு ஈடான 'கூயோ'வை அவங்களே பேச்சுல அவ்வளவா தொடமாட்டாங்க.

வார்த்தைன்னு வந்தா, தெரியாததை விட தெரிஞ்ச மாதிரி இருக்கிறதுதான் டேஞ்சர். 'எம்பராசாதா'ன்னா கர்ப்பமா இருக்கிறவங்க, எம்பாரஸ்ட் இல்ல. 'கார்பேத்தா' ஃபோல்டர், கார்பெட் இல்ல; 'லிப்ரெரியா' புத்தகக் கடை, லைப்ரரி இல்ல; 'ஆக்துவால்மென்தே'ன்னா இப்போதைக்கு, ஆக்சுவலி இல்ல. வகுப்புக்குப் போனதை 'ஐ அசிஸ்டட் தி கிளாஸ்'னு சொல்றதுக்குக் காரணம் 'அசிஸ்தீர்', அதுக்கு அட்டெண்ட் பண்றதுன்னு அர்த்தம். அப்பா அம்மா ரெண்டு பேரையும் 'பாத்ரேஸ்'னு ('பாத்ரே'ன்னா அப்பா) சொல்ற ஊர்க்காரங்க 'மை ஃபாதர்ஸ்'னு சொல்லத்தான் செய்வாங்க, பேரன்ட்ஸ்னு மாத்திக்கணும். ஜனங்களைக் குறிக்கிற 'ஹென்தே' ஒருமைங்கிறதால வர்ற 'பீப்பிள் இஸ்' ரொம்ப நாள் ஒட்டிக்கிட்டே இருக்கும். மேக், டூ ரெண்டுக்குமே அங்க ஒரே 'அசேர்', அதுக்கு ரூல் தேடி அலையறதை விட 'மேக் எ மிஸ்டேக்', 'டூ ஹோம்வொர்க்'னு ஜோடி ஜோடியா மனப்பாடம் பண்ணிடறது லாபம்.