குறைந்த செலவில் இரண்டு நாள் தஞ்சைப் பயணம்: திட்டமிடும் முறை

தஞ்சாவூரில் பார்க்க வேண்டியவற்றுள் தலையாயதான பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அரண்மனை வளாகத்தில் கேட்கப்படும் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை மிஞ்சாது. இருந்தும் இந்த ஊருக்கு வந்து திரும்புபவர்களில் பலர், கணக்குப் பார்க்கும்போது எதிர்பாராத தொகை செலவாகியிருப்பதைக் கண்டு வியக்கிறார்கள். நண்பகலில் வந்து சேர்ந்து, சன்னதி சாத்தியிருப்பதைக் கண்டு, வெயிலுக்கு அஞ்சி ஆட்டோவில் அலைந்து, பார்க்காமல் விட்டதற்காக இன்னொரு நாள் அறைவாடகை கொடுப்பதால்தான் பெரும்பாலும் அந்தத் தொகை ஏறுகிறது. ஆகவே தஞ்சைப் பயணத்தில் சிக்கனம் என்பது முதலில் நேரத்தை ஒழுங்கு செய்வதுதான். இரண்டு பகலையும் ஓர் இரவையும் சரியாக அடுக்கிக்கொண்டால் பணம் தானாகவே மிஞ்சும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் கடுமையாவதற்கு முந்தைய தை, மாசி மாதங்களே நடந்து பார்ப்பதற்கு ஏற்றவை. சித்திரை, வைகாசியில் கோயிலின் கல்தளத்தில் வெறுங்காலுடன் பகல் பத்து மணிக்கு மேல் நிற்பதே கடினம். தை மாதத்தில் வருவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தஞ்சையிலிருந்து 13 கி.மீ. தொலைவிலுள்ள திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடைபெறும் நாட்களில் சுற்றுவட்டார விடுதிகள் நிரம்பிவிடும், வாடகையும் உயரும். ஐப்பசியில் ராஜராஜ சோழனின் சதய விழாவின்போதும் இதே நிலைதான். இசைக்காகவோ விழாவுக்காகவோ வருபவர்களுக்கு அவை அருமையான நாட்கள். கட்டடக் கலையை நிதானமாகப் பார்க்க வருபவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்ப்பது நல்லது. பஞ்சாங்கத்தில் பிரதோஷம் எந்த நாளில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை பெரிய நந்திக்கு நடைபெறும் அபிஷேகத்தைக் காணப் பெருங்கூட்டம் திரளும். அக்காட்சி வேண்டும் என்பவர்கள் அந்த நாளையே தேர்ந்தெடுக்கலாம். சனி, ஞாயிறுகளைத் தவிர்க்க முடிந்தால் அறைவாடகையிலும் கூட்டத்திலும் ஒருசேர நன்மை உண்டு.

போக்குவரத்தில் ரயிலே சிக்கனமானது. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் உழவன் விரைவு வண்டி விடியற்காலையில் தஞ்சையை அடைகிறது. படுக்கை வசதியுள்ள சாதாரண வகுப்பில் கட்டணம் ரூ.300-க்குள் அடங்கிவிடுவதோடு, ஓர் இரவு அறைவாடகையும் மிச்சமாகிறது. பகலில் வர விரும்புபவர்களுக்குச் சோழன் விரைவு வண்டி இருக்கிறது. ஆனால் அதில் வந்தால் முதல் நாளின் பகலில் பெரும்பகுதி வண்டியிலேயே கழிந்துவிடும் என்பதால் இரண்டு நாள் பயணத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறை செல்லும் ஜன் சதாப்தியும், மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக இரவு முழுதும் ஓடி வரும் விரைவு வண்டியும் தஞ்சையில் நின்று செல்கின்றன. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை இரவுக்கான இடங்கள் விரைந்து தீரும். இடம் கிடைக்காதவர்கள், வண்டிகள் மிகுதியாக உள்ள திருச்சிராப்பள்ளிக்கு வந்து, அங்கிருந்து அடிக்கடி புறப்படும் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் தஞ்சையை அடையலாம். அப்பேருந்துகள் ஊருக்கு வெளியே உள்ள புதிய பேருந்து நிலையத்துக்குத்தான் வரும் என்பதையும், அங்கிருந்து நகரப் பேருந்தில் பழைய பேருந்து நிலையத்துக்கு வர வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், இரவில் இறங்கித் திகைக்க நேராது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை.

தங்குமிடத்தை ரயில் நிலையத்துக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பார்ப்பதே அறிவுடைமை. அங்கிருந்து பெரிய கோயிலும் அரண்மனையும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஊருக்கு வெளியே வாடகை சற்றுக் குறைவாகக் கிடைத்தாலும், நாளுக்கு நான்கு முறை ஆட்டோவுக்குக் கொடுப்பதில் அந்த லாபம் கரைந்துவிடும். அறையைப் பதிவு செய்யும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாடகை 24 மணி நேரக் கணக்கா அல்லது நண்பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கா என்பது. விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து இறங்குபவர், நண்பகல் கணக்கு வைத்திருக்கும் விடுதியில் ஏழு மணி நேரத்துக்காக ஒரு நாள் வாடகையை முழுதாகக் கொடுக்க நேரிடும். பழைய பாணி லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு இன்றும் வழக்கத்தில் உள்ளது. கேட்டுவிட்டு, அறையையும் கழிவறையையும் நேரில் பார்த்துவிட்டு, அதன்பின் முன்பணம் கொடுக்கலாம். ரயில் நிலைய ஓய்வறையில் இடம் கிடைத்தால் குளித்து உடைமாற்ற அதுவே போதும்.

முதல் நாள் காலை முழுவதையும் பெரிய கோயிலுக்கே ஒதுக்குங்கள். கதவு திறக்கும் ஆறு மணிக்குச் சற்றுப் பின்னர் உள்ளே நுழைந்தால், கல் குளிர்ந்திருக்கும், கூட்டம் இருக்காது, கிழக்கு வெயில் விமானத்தின் முகப்பில் நேரே விழும். பெரும்பாலோர் இரண்டு கோபுரங்களையும் ஒரே மூச்சில் கடந்து நந்தியை நோக்கிப் போய்விடுகிறார்கள். இரண்டாவதான ராஜராஜன் திருவாயிலில் சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் இருபுறமும் நிற்கும் பேருருவத் துவாரபாலகரின் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த யானையை முதலில் பார்த்து, பிறகு பாம்பின் அளவை, அதன்பின் காவலரின் அளவை, அவர் காக்கும் இறைவன் எத்தகையவன் என்பதை, இப்படிப் படிப்படியாகக் கண்ணை உயர்த்திப் பார்க்கும்படி சிற்பி அமைத்திருக்கிறார். அதே வாயிலின் அடிப்பகுதியில் மார்க்கண்டேயர், கண்ணப்பர், அருச்சுனன் பாசுபதம் பெற்றது ஆகிய கதைகள் கையளவுச் சிற்பங்களாக உள்ளன.

உள்ளே சுமார் 216 அடி உயரம் எழும் விமானத்தில், ராஜராஜன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1010-இல், பொன்வேய்ந்த கலசத்தை அளித்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. இவ்வளவு கருங்கல்லும் மலையே இல்லாத காவிரிச் சமவெளிக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் கட்டடத்தின் பெருமை முழுதாக விளங்கும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகள் சிலர் இன்றும் சொல்லக்கூடும். அது உண்மையன்று. காலையிலும் மாலையிலும் நிழல் நன்றாகவே விழுகிறது, மேற்கே சுற்றி வந்தால் அந்தக் காலை நிழலில் நின்றே நீங்கள் சிற்பங்களைப் பார்க்கலாம். உண்மையான வியப்புகள் இருக்கும்போது இல்லாத ஒன்றைக் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. அவ்வியப்புகளில் முதலாவது, அடித்தளத்தில் தொடங்கி வரிவரியாக ஓடும் கல்வெட்டுகள். தானும், தன் தமக்கை குந்தவையும், தன் தேவியரும், மற்றவரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன அரசனின் ஆணை அதில் இருக்கிறது. கோயிலில் பணிபுரிந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், அவர்கள் எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) குடியிருந்தார்கள் என்பதும்கூட எழுதப்பட்டுள்ளன. எழுத்துகளை நம்மால் உடனே படிக்க முடியாமற்போனாலும், இரண்டொரு சொற்களையேனும் கண்டுபிடிக்க முயல்வது, குறிப்பாகப் பிள்ளைகளுடன் செல்பவர்களுக்கு, மிகுந்த இன்பம் தரும்.

எல்லாம் சோழர் காலத்தவை என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய நந்தியும் நுணுக்கமான முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தில் எழுந்தது. மராத்தியர் தம் குல வரலாற்றை மராத்தி மொழியில் நீண்ட கல்வெட்டாகப் பொறித்துள்ளனர். வடபுறத்துச் சண்டிகேசுவரர் சன்னதி விமானத்தோடு ஒத்த காலத்தது. இதையும் முருகன் சன்னதியையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இடைப்பட்ட நூற்றாண்டுகளில் உளி எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே அறியலாம். கருவறையைச் சுற்றிய இருட்டறையில் 1931-இல் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களும், மேல்தளத்தில் செதுக்கப்பட்ட, நடன நிலைகளைக் காட்டும் 81 கரணச் சிற்பங்களும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதில்லை. அவற்றின் படங்களை வளாகத்திலேயே தொல்லியல் துறை அமைத்துள்ள விளக்கக் கூடத்தில் காணலாம், அதற்கும் கட்டணமில்லை. வழிகாட்டி வேண்டுமென்றால் அடையாள அட்டை உள்ளவரைத் தேர்ந்து, தொகையையும் நேரத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நால்வர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் அச்செலவு பெரிதாகத் தெரியாது.

பத்து மணிக்குள் வெளியே வந்து, பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய மெஸ்களில் சிற்றுண்டி முடித்து, வெயில் ஏறும் வேளைக்கு அரண்மனைக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அங்கு பார்க்க வேண்டியவை பெரும்பாலும் கூரைக்குக் கீழே இருப்பதால் நண்பகலைக் கழிக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வளாகத்தின் பிரிவுகளுக்குத் தனித்தனிச் சீட்டுகள் வாங்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் வாங்குவது கட்டாயமன்று. கையில் இருப்பது குறைவு என்றால் கலைக்கூடத்துக்கு மட்டும் வாங்கினாலே போதும் என்பேன்.

அந்தக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனரின் செப்புத் திருமேனி இருக்கிறது. பெரிய கோயிலில் கலசம் ஏறிய மறு ஆண்டான 1011-ஐச் சேர்ந்தது அது. சாய்ந்து நிற்கும் இறைவனின் வலக்கை, இப்போது இல்லாத காளையின் மேல் ஊன்றியிருக்கிறது. காளை இல்லாமலேயே அதன் உயரத்தையும் முதுகின் வளைவையும் அந்தக் கையும் இடுப்பின் சாய்வும் நமக்குக் காட்டிவிடுகின்றன. தலையில் பாம்புகளாகச் சுற்றிய சடையைப் பின்புறம் சென்றும் பாருங்கள். அருகிலேயே அதே ஊரிலிருந்து வந்த தேவியின் திருமேனியும் உள்ளது. காலையில் கல்லில் கண்ட அதே தலைமுறை, செம்பில் என்ன செய்தது என்பதை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு தஞ்சையில்தான் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது. அதற்கு ஒரு மணி நேரம் செலவிட்டாலும் தகும். சரசுவதி மகால் நூலகத்தின் சிறு காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளையும், மன்னர் இரண்டாம் சரபோஜி திரட்டிய நூல்களையும் படங்களையும் காணலாம். நூலகம் வெளியிட்டுள்ள தமிழ்ப் பதிப்புகள் விற்பனைக்கும் கிடைக்கின்றன. மலிவான, பயனுள்ள நினைவுப் பொருள் வேண்டுமென்றால் அதுவே என் தேர்வு. அரசு விடுமுறை நாட்களில் சில பிரிவுகள் மூடப்பட்டிருக்கும் என்பதால் தேதியைச் சரிபார்த்துக்கொண்டு செல்ல வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு மேல் மறுபடியும் பெரிய கோயிலுக்கு வரலாம். வழியில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி, 1779-இல் எழுந்த சுவார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் தம் ஆசிரியர் சுவார்ட்சைச் சரபோஜி காண வந்த காட்சியை ஜான் பிளாக்ஸ்மன் பளிங்கில் செதுக்கியது அதனுள் உள்ளது. திறந்திருந்தால் அவசியம் பாருங்கள். கோயிலில் அந்தி நேரத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் புல்வெளியில் வந்து அமர்வார்கள். நீங்களும் அமர்ந்துவிடலாம், வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இரண்டாம் நாளைத் தாராசுரத்துக்கு என வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கணக்கில் விடியலில் அறையைக் காலி செய்துவிட்டு, பையோடு கும்பகோணம் செல்லும் பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் சொல்லி வைத்துத் தாராசுரத்தில் இறங்கலாம். அதற்காகவே பையை முதுகில் சுமக்கும் அளவில் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில், தஞ்சைக் கோயிலுக்கு நேர் எதிரான இயல்புடையது: அங்கே அண்ணாந்து பார்த்தோம், இங்கே குனிந்து பார்க்க வேண்டும். நாயன்மார்களின் வரலாறு விரற்கடை அளவுச் சிற்பங்களாகச் சுவரின் அடியில் ஓடுகிறது. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பமும், தேர்ச்சக்கரம் பூட்டிய முன்மண்டபமும் இங்கேதான். இதற்கும் கட்டணமில்லை. நண்பகலுக்கு முன் இதை முடித்துவிட்டால், கும்பகோணத்தில் வாழையிலைச் சாப்பாடு. வெயில் தணிந்தபின் சுவாமிமலைக்குப் பேருந்தில் சென்று, மெழுகு வார்ப்பு முறையில் செப்புத் திருமேனிகள் செய்யும் ஸ்தபதிகளின் பட்டறைகளில் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். முந்தைய நாள் கலைக்கூடத்தில் கண்டதன் வழித்தோன்றல்களான அவர்களின் வேலையைத் தடுக்காமல் பார்ப்பது நம் கடமை.

கங்கைகொண்ட சோழபுரத்தை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கி.மீ. என்பது வரைபடத்தில் அருகாகத் தோன்றினாலும், பேருந்து மாறிச் சென்று திரும்ப அரை நாளுக்கு மேல் ஆகும். அவசரத்துக்குக் கார் அமர்த்தினால், அதுவரை மிச்சப்படுத்தியது அத்தனையும் அந்த ஒரு வாடகையில் போய்விடும். மூன்றாவது நாள் கிடைக்கும்போது அதைத் தனியாகப் பாருங்கள்.

திரும்பும் ரயிலுக்குத் தஞ்சையிலிருந்து சீட்டு எடுக்காமல் கும்பகோணத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். சென்னை செல்லும் உழவன் வண்டி இரவில் கும்பகோணம் வழியாகவே போகிறது. நாற்பது கி.மீ. பின்னோக்கிச் செல்லும் பேருந்துச் செலவும் நேரமும் இதனால் மிஞ்சும். பகல் முழுதும் பை சுமப்பது கடினமாகத் தோன்றினால், கும்பகோணத்தில் சாப்பிடும் விடுதியிலேயே சில மணி நேரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வண்டியேறும் முன் வாங்கிக்கொள்ள வேண்டியது பாசிப்பருப்பில் செய்யும் திருவையாற்று அசோகா அல்வா. நெய் மிகுந்தது என்பதால், மறுநாள் வீட்டில் பிரிக்கும்வரை சிந்தாதபடி மூடி இறுகிய டப்பா ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.