காப்புறுதிப் படிவம் நிரப்புவது எப்படி? ஏன் இவ்வளவு துருவுகிறார்கள்?

"சிகரெட் பிடிப்பீர்களா? அப்பா என்ன வருத்தத்தில் காலமானார்? மாதம் எவ்வளவு உழைக்கிறீர்கள்?" கல்யாணத் தரகர்கூட இவ்வளவு கேட்க மாட்டார். ஆயுள் காப்புறுதிப் படிவத்தை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான்.

1. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் எடுத்து வையுங்கள். பேனை உங்கள் கையில் இருக்கட்டும். "கையெழுத்தை மட்டும் வையுங்கோ அண்ணை, மற்றதை நான் நிரப்புறன்" என்பார் முகவர். விடாதீர்கள். என் சித்தப்பா யாழ்ப்பாணம் கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்து அப்படித்தான் கையெழுத்து வைத்தார். சீனி வருத்தத்துக்கு எட்டு வருடமாகக் கிளினிக் போனவர். படிவத்திலோ 'இல்லை' என்று விழுந்திருந்தது. அவர் மாரடைப்பில் போனபின் கம்பனி கேட்டது அந்தக் கொப்பியைத்தான். பக்கத்துக்குப் பக்கம் மெட்ஃபோர்மின், சீனிக்குக் கொடுக்கும் மருந்து. சித்திக்கு ஒரு சதமும் வரவில்லை.

2. வருத்தங்கள் பற்றிய பகுதியை அவசரப்படாமல் நிரப்புங்கள். உங்கள் உடம்பைப் பற்றித் தெரிந்தவர் நீங்கள். கம்பனிக்கு நீங்கள் சொன்னால்தான் உண்டு. தெரிந்ததை மறைத்தால் ஒப்பந்தம் நிற்காது என்று இங்கிலாந்தில் நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு 1766 இலேயே விளக்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் தவணைக் கட்டணம் கொஞ்சம் கூடலாம், மறுத்தும் விடலாம். இரண்டும் சித்தியின் நிலையை விட மேல்.

3. உயரம், நிறையை அளந்தே எழுதுங்கள். 165 சென்ரிமீற்றர், 80 கிலோ என்றால் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கு நிறை அளவானதா என்று காட்டும் எண்) 29 ஐத் தாண்டும். அதைப் பார்த்துத்தான் மருத்துவச் சோதனைக்கு அனுப்பலாமா என்று யோசிப்பார்கள்.

4. புகையிலை என்றால் சிகரெட் மட்டுமல்ல. சுருட்டும் அதில் சேரும். வெற்றிலையோடு ஒரு துண்டு போயிலை வைப்பவரும் 'ஆம்' என்றே எழுத வேண்டும். புகையிலையில் உள்ள நிக்கொட்டின் உடம்பில் கொட்டினின் என்ற பொருளாக மாறும். சப்பினாலும் சோதனையில் தெரியும்.

5. பெற்றோர் இறந்த வயதும் காரணமும் கேட்பது, மாரடைப்பும் சீனியும் குடும்பத்தில் இறங்குவதால். எங்களூரில் பலருக்கு அந்தக் கட்டத்தில் எழுத இருப்பது, போரில் விழுந்த 'ஷெல்' என்ற ஒரு சொல்தான். அப்படியே எழுதுங்கள். அது இரத்தத்தில் வருவதல்ல. தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதலாம், ஊகித்து எழுதாதீர்கள்.

6. தொழில்: 'சுயதொழில்' போதாது. பனையேறிச் சீவுபவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் கடையில் இருப்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல.

7. வருமானம்: உழைப்புக்குப் பொருந்தாத பெருந்தொகைக்கு ஆயுளைக் காப்புறுதி செய்ய விடமாட்டார்கள். அதோடு, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது இலங்கையின் 2006 ஆம் ஆண்டு நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி அவர்களுக்குக் கடமை. தவணையைக் கனடாவிலிருந்து அண்ணா கட்டுகிறார் என்றால் அதையே எழுதுங்கள். பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவர், பெயர் அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடி.

சரி, கையெழுத்து வைத்தாயிற்று. ஒப்பந்தம் கைக்கு வருமுன் புதிதாக ஏதும் வருத்தம் தெரியவந்தால் அதையும் எழுத்தில் அறிவியுங்கள். அப்புறம், முகவர் மோட்டார் சைக்கிளை உதைக்குமுன் படிவத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.