காலி மனைக் களைகளை நீர்வண்ணத்தில் வரைவது எப்படி?

எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை இருக்கிறது. ஐப்பசியில் இரண்டு மழை பெய்ததும் குப்பைமேனி, தும்பை, மூக்கிரட்டை, நாயுருவி என்று எல்லாம் கிளம்பிவிட்டன. நட்டவரும் இல்லை, கத்தரிப்பவரும் இல்லை. எவருக்கும் எதுவும் தரவேண்டிய கடன் இல்லாத, பயனற்ற அந்த வளர்ச்சியை வரைய ஆசைப்பட்டு மூன்று முறை தோற்றேன். நான்காம் முறை கைகூடிய வழியை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1503-இல் தீட்டிய ‘பெரிய புல்திட்டு’ (Great Piece of Turf) என்ற நீர்வண்ண ஓவியத்தைப் பாருங்கள். வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு திட்டு மண், அதில் புல்லும் களையும், அவ்வளவுதான். பூக்கள்கூட விரியவில்லை.

படி 1: தரையோடு தரையாக உட்காருங்கள். நின்றபடி பார்த்தால் களை வெறும் பச்சைக் கம்பளம். பார்வை தாழ்ந்தால் அது காடு.

படி 2: ஒரு முழச் சதுரத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகான இடம் தேட வேண்டாம்.

படி 3: ஒழுங்குபடுத்தாதீர்கள். நான் சறுக்கியது இங்கேதான். பூச்சி அரித்த இலையை விட்டுவிட்டேன், தண்டுகளைச் சீராக இடைவெளி விட்டு நிறுத்தினேன், உயரமான நாயுருவியை நடுவில் வைத்தேன். வந்தது தொட்டிச் செடியின் படம். கண் எதைப் பார்த்தாலும் தோட்டக்காரனாகிவிடுகிறது. அதனால் மொத்த உருவத்தை முதலில் கோடிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். ஒரு மூலையில் ஓர் இலையை முழுதாக வரையுங்கள். பிறகு அதைத் தொட்டுக்கொண்டிருப்பது எதுவோ அதை, பிறகு அதைத் தொடுவதை. தாளின் விளிம்பு வந்தால் செடியை வளைக்காதீர்கள், பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டுங்கள். ஏ4 தாள் ஒன்றில் தொடங்கிய என் படம் ஐந்து தாள்களில் கோணலாக முடிந்தது, மூக்கிரட்டை இடப்பக்கம் படர்ந்துகொண்டே போனதால். சட்டம் போடும் கடையில் ஓரத்தை வெட்டச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை.

படி 4: வண்ணம். பச்சை ட்யூப் வாங்காதீர்கள், அது பிளாஸ்டிக் இலைக்குத்தான் பொருந்தும். லெமன் யெல்லோவும் அல்ட்ராமரின் நீலமும் கலந்து, துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேர்த்தால் தெருப்புழுதி படிந்த பச்சை கிடைக்கும். தும்பைப் பூவுக்கு வெள்ளை வண்ணம் தேவையில்லை. சுற்றிலும் தீட்டிவிட்டு, பூவுக்குத் தாளையே வெறுமையாக விடுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருக்கட்டும், மெல்லியது நெளிந்துவிடும்.

பின்சேர்க்கை: ஒட்டிய இடத்தில் வண்ணம் கசிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். தாள்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து, பின்பக்கம் காகித டேப் ஒட்டுங்கள். முதல் தாள் நன்றாகக் காய்ந்தபின் இணைப்பின் மேல் தீட்டலாம்.

பார்த்தீனியம் இருக்கும் இடத்தில் உட்காராதீர்கள். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் வரக்கூடும்.

குப்பைமேனி மருந்தாயிற்றே, அதை எப்படிப் பயனற்றது என்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். மருந்துதான். ஆனால் மருந்தென்று அறிந்தவர் பறித்துவிடுகிறார், அறியாதவர் அதை இடுப்புயரம் வளர விடுகிறார். நான் வரைவது அந்த இரண்டாவது செடியை.

பாதியில் மனையைச் சுத்தம் செய்துவிட்டார்கள், மீதியை நினைவிலிருந்து முடிக்கலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். வேண்டாம். படி 3-இல் சொன்ன தவறு அப்படியே திரும்பி வரும். பென்சில் கோடு நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.