விடிய விடியப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

மார்ச் வந்துவிட்டால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் விளக்கு அணைவதில்லை. இரவு பதினோரு மணிக்கு பிளாஸ்க் நிறையக் காபி வந்துவிடும். பாசம்தான், ஆனால் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் ஏறக்குறையப் பாதி காஃபின் உடம்பில் இருக்கும். பிறகு படுத்தாலும் தூக்கம் ஆழமாக வராது.

அந்த ஆழம்தான் முக்கியம். பகலில் படித்தது முதலில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் தற்காலிகமாகத் தங்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மூளை அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, தன் வெளி அடுக்கான மேற்புறணியில் நிலைநிறுத்துகிறது. படித்துவிட்டுத் தூங்காமலிருப்பது, அறுத்த நெல்லைக் களத்திலேயே மழைக்கு விடுவதைப் போன்றது. இது புதுச் செய்தியும் அல்ல. 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்தார்கள். (நம் பிள்ளைகள் வேதியியலையும் அப்படித்தான் படிக்கிறார்கள்!) விழித்திருந்த நேரத்தைவிட, தூங்கி எழுந்தபோதே அதிகம் நினைவில் நின்றது.

"எனக்கு ஆறு மணி நேரமே போதும், பழகிவிட்டது" என்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 14 இரவுகள் ஆறு மணி நேரம் மட்டுமே படுக்க விடப்பட்டவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவர்களுக்கு நிகராகச் சரிந்திருந்தது. அவர்களுக்கோ பெரிதாகத் தூக்கக் கலக்கம் இருப்பதாகவே தோன்றவில்லை. அசந்துபோன மூளையிடமே அதன் நிலையை விசாரித்தால் வேறென்ன பதில் வரும்? பதின்பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை.

விடியற்காலையில் எழுந்து படிப்பது நல்லதுதான், ஒன்பது மணிக்கே படுத்திருந்தால். பன்னிரண்டுக்குப் படுத்து நான்குக்கு எழுந்தால், விடியலை ஒட்டி அதிகம் வரும் கனவுத் தூக்கம்தான் பெரிதும் பறிபோகிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை தூங்கினால் அசதி குறையலாம்; வாரம் முழுக்க விட்டது திரும்ப வராது.

இன்னொன்று: கண்விழித்த பிள்ளையைத் தேர்வு மையத்துக்குத் தானே பைக் ஓட்டிப் போகவிடாதீர்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் விதித்திருக்கும் வரம்பு 0.03. உடன் விழித்திருந்த அப்பாவுக்கும் இதே கணக்குத்தான். அன்றைக்கு ஆட்டோ பிடித்துவிடுங்கள்.